சுமைகூலி முக்கால் பணம்: செகண்ட் ஹேண்ட் சூப்பர் கார்கள், பில் எழுதுபவன் பார்வையில்

இந்தக் கார்களில் ஒன்றுகூட எனக்குச் சொந்தமில்லை. ஆனால் அவற்றின் பில்கள் என் கைவழியாகத்தான் போகின்றன. பழைய ஃபெராரி, லம்போர்கினி, போர்ஷே வகையறாக்களை மட்டும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் போடுவது, பாகங்களுக்கு ஆர்டர் கொடுப்பது, கடைசியில் பில்லை ஓனரிடம் நீட்டுவது எல்லாம் என் வேலை. சத்தம் எப்படி, வளைவில் எப்படி ஒட்டிக்கொண்டு திரும்புகிறது என்று எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் ஒருநாள் ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கி வீட்டில் நிறுத்தியவருக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம். ஆகவே இது பில்லை வைத்து எழுதும் விமர்சனம்.

முதலில் ஒரு கணக்கு. புதிதாக இருந்தபோது விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு சூப்பர் கார் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் விலை இறங்கியது உண்மை. அதன் பிரேக் டிஸ்க் விலை இறங்கவில்லை. கிளட்ச் விலை இறங்கவில்லை. உற்பத்தி நின்றுபோன சில மாடல்களில் ஹெட்லைட் விலை ஏறியே இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு கொடுத்து வாங்கியவரும், முழு விலை கொடுத்த முதல் ஓனருக்கு வந்திருக்கக்கூடிய அதே பில்லைத்தான் கட்ட வேண்டும். கையில் இருந்ததையெல்லாம் காருக்கே கொடுத்துவிட்டு, முதல் பெரிய சர்வீஸில் மூச்சு வாங்குபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்து, எல்லோரும் கேட்கும் கேள்வி: "இதெல்லாம் அடிக்கடி ரிப்பேர் ஆகுமா?" எஞ்சினைப் பொறுத்தவரை, பொதுவாக ஆகாது. நிமிடத்துக்கு 8,000 சுற்றை ஒட்டி ஓடுவதற்காகச் செய்த எஞ்சின்கள் இவற்றில் நிறைய; மெனக்கெட்டுத்தான் செய்திருக்கிறார்கள். கெடுவது ரப்பர் வளையம், பசை போட்டு ஒட்டிய இணைப்பு, வெப்பத்தில் நொறுங்கிய பிளாஸ்டிக் கனெக்டர், ஒரு சென்சார். எந்தக் காரிலும் இருக்கிற சில்லறைச் சாமான்கள்தான். ஆனால் இங்கே அவை இருக்கும் இடத்துக்குக் கை போகாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, என் பில்கள் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கும். மேலே பாகத்தின் விலை ஒரு வரி. பார்த்தால் சிரிப்பு வரும். கீழே லேபர் ஒரு வரி, சிரிப்பு நின்றுவிடும். "ஒரு ஆயில் சீலுக்கா சார் இவ்வளவு?" என்று கேட்பார்கள். சீலுக்கு இல்லை, அதுவரை போய் வருவதற்கு.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஃபெராரி எஃப்355. 1994 முதல் 1999 வரை வந்த வண்டி. 3.5 லிட்டர் வி8, சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மொத்தம் 40. அழகு என்று கேட்டால் இதற்குப் பிறகு வந்த எதையும் நான் சொல்ல மாட்டேன், அது வேறு விஷயம். இதில் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினை வண்டியிலிருந்து கீழே இறக்க வேண்டும். பெல்ட் சாதாரண ரப்பர் பட்டைதான். ஆனால் அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும் என்பதால் தள்ளிப்போடவும் முடியாது. ஓடிய கிலோமீட்டரை வைத்து அல்ல, கடந்த வருடங்களை வைத்துத்தான் இந்தப் பட்டையை மாற்ற வேண்டும். ஓனர்களுக்கு இதுதான் புரிவதில்லை. "வண்டியை எடுக்கவே இல்லையே" என்பார்கள். எடுக்காவிட்டாலும் ரப்பருக்கு வயசாகிறது.

எஞ்சினை இறக்கிய பிறகுதான் மற்றவை கண்ணுக்குத் தெரியும். எஃப்355-இல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி) விரிசல் விடுவது பேர்போன குறை. முதலில் வந்த வண்டிகளில் வால்வுகள் ஏறி இறங்கும் வெண்கலக் குழல்கள், அதாவது வால்வு கைடுகள், சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். எஞ்சின் வெளியே இருக்கும்போதே செய்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எஸ்டிமேட் இரண்டு பக்கம் போகும். செய்யாமல் மூடினால், அடுத்த வருடம் அதே எஞ்சினை மறுபடி இறக்க வேண்டும். இந்த இடத்தில் ஓனருக்கு நான் எந்த யோசனையும் சொல்வதில்லை. பட்டியலை அவர் முன்னால் வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வேன்.

ஃபெராரிக்காரர்களுக்கே இது உறைத்திருக்க வேண்டும். 1999-இல் வந்த 360 மொடேனாவில் சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடி வைத்தார்கள். அதைக் கழற்றினால் எஞ்சினை இறக்காமலே பெல்ட்டை எட்டலாம். 2004-இல் வந்த எஃப்430-இல் பெல்ட்டையே எடுத்துவிட்டு செயின் போட்டார்கள். இந்த இரண்டு மாற்றங்களும் எந்த விளம்பரத்திலும் பெரிதாக வந்ததில்லை. ஆனால் என் பில் புத்தகத்தில் குதிரைத்திறன் கூடியதைவிட இவைதான் பெரிய விஷயம். சீட்டுக்குப் பின்னால் எஞ்சின் இருக்கும் பழைய நடு எஞ்சின் ஃபெராரிதான் வேண்டும், செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பவருக்கு எஃப்430-ஐத்தான் காட்டுவேன். அதிலும் மேனிஃபோல்ட் விரிசல் விடும், அதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வண்டிகளில் பேடில் கியர் (ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டி மாற்றுவது) இருந்தால் கிளட்ச் தனிக் கதை. 1997-இல் எஃப்355-இல் தொடங்கிய எஃப்1 கியர்பாக்ஸ், லம்போர்கினியின் ஈ-கியர், ஆடி ஆர்8-இன் ஆர் டிரானிக், ஆஸ்டன் மார்ட்டினின் ஸ்போர்ட்‌ஷிஃப்ட் எல்லாம் ஒரே ஜாதி. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், ஒரே ஒரு கிளட்ச். மிதிப்பதும் மாற்றுவதும் மனிதக் காலுக்கும் கைக்கும் பதில் ஹைட்ராலிக்ஸ், அதாவது எண்ணெய் அழுத்தம். ஆட்டோமேட்டிக் மாதிரி இருக்கிறதே என்று நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் வழுக்கி வழுக்கித் தேயும். மேட்டில் ரிவர்ஸ் எடுப்பது இன்னும் மோசம். அதனால் ஒரே மாடல், ஒரே கிலோமீட்டர், ஒருவருக்குக் கிளட்ச் புதுசு மாதிரி இருக்கும், இன்னொருவருக்கு முடிந்துபோயிருக்கும். நல்ல வேளையாக, இந்தத் தேய்மானத்தைக் கம்ப்யூட்டரை மாட்டிப் படித்துவிடலாம். எஃப்1 கியர்பாக்ஸ் உள்ள ஃபெராரியில் கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று எண்ணாகவே வரும். விற்பவர் அந்த எண்ணைக் காட்டத் தயங்கினால் வாங்குபவர் நடையைக் கட்டலாம்.

ஆஸ்டன் வி8 வான்டேஜ் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், நடுவில் ஒரு நீளக் குழாய். கிளட்ச் எஞ்சின் பக்கம் இருக்கிறது. அதை எட்ட, பின்னால் இருக்கும் கியர்பாக்ஸையும் குழாயையும் கழற்ற வேண்டும். வண்டி நல்ல வண்டி. மேனுவல் வாங்குங்கள், கிளட்ச் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள், போதும்.

ஃபெராரி 458 வந்தபோது (2009) இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் வந்துவிட்டது. கிளட்ச் தேய்மானக் கவலை ஏறக்குறைய போயிற்று. பதிலுக்கு, அந்தக் கியர்பாக்ஸின் உள்ளே ஒரு சென்சார் போனால்கூடப் பெரிய வேலை. 458-க்கு இன்னொரு சரித்திரமும் உண்டு: வந்த புதிதில் சில வண்டிகள் தீப்பிடித்தன. சக்கர வளைவுக்குள் தகடு ஒட்டிய பசை சூட்டில் எரிந்ததுதான் காரணம். 2010-இல் அதுவரை செய்த 1,248 வண்டிகளையும் திரும்ப அழைத்துப் பசையை எடுத்துவிட்டு முறையாகப் பொருத்திக் கொடுத்தார்கள். திரும்பவும் பசை. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு எதையாவது ஒட்டியிருக்கிறார்கள் என்று கேட்டாலே எனக்குப் பயம் வருகிறது. தொண்ணூறுகளின் பின்பாதியிலிருந்து வந்த ஃபெராரி, மசராட்டிகளில் உள்ளே இருக்கும் பட்டன்களுக்கு ரப்பர் போன்ற ஒரு மெல்லிய பூச்சு உண்டு. சில வருடத்தில் அது பிசுபிசுவென்று கையில் ஒட்டும். துடைத்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொன்றாகக் கழற்றி, பூச்சை எடுத்து, மறுபடி பெயின்ட் அடித்து எழுத்துப் போட வேண்டும். வண்டி ஓடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் ஓனர் இதைத்தான் தினமும் தொடுகிறார்.

பசைக் கதையில் போர்ஷேக்கும் பங்கு உண்டு. போர்ஷே 911-இன் 996 என்ற தலைமுறையில், டர்போவிலும் ஜிடி3-இலும் இருப்பது பந்தயக் காரின் வழியில் வந்த மெட்ஸ்கர் எஞ்சின். தலைமுறை தலைமுறையாக ஓடும். அதில் கூலன்ட் குழாய்கள் சேரும் இடத்தைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். பழசானால் விட்டுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது விட்டால் பின் சக்கரத்தடியில் கூலன்ட் கொட்டும். சரியான மருந்து, எஞ்சினை இறக்கி அந்த இணைப்புகளை வெல்டிங் செய்வது அல்லது ஆணி இறக்கி இறுக்குவது. செய்தாயிற்று என்று பில் காட்டும் வண்டியை வாங்குவது புத்திசாலித்தனம்.

சாதாரண 996-இன் பிரச்சினை வேறு. ஐஎம்எஸ் பேரிங் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எஞ்சினுக்குள் ஒரு இடைத்தண்டின் முனையில் உட்கார்ந்திருக்கும் சின்ன பால் பேரிங். அது நொறுங்கினால் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டின் ஓட்டம் தப்பும், உலோகத்தூள் எஞ்சின் முழுக்கப் பரவும், எஞ்சின் காலி. எல்லா வண்டியிலும் இது நடப்பதில்லை. நன்றாக ஓடுகிற வண்டிகள்தான் அதிகம். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையான மாடல்களுக்காக வழக்குத் தொடர்ந்து சமரசம் வரைக்கும் போனது. பேரிங்கை எட்ட கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் கழற்ற வேண்டும் என்பதால், கிளட்ச் மாற்றும்போதே இதையும் மாற்றிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம், லேபர் ஒன்றுதான். அதற்குப் பிறகு வந்த 2006 முதல் 2008 வரையான வண்டிகளில் பேரிங் பெரியது, வலுவானது. ஆனால் எஞ்சினை இரண்டாகப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் அந்த இடைத்தண்டையே நீக்கிவிட்டார்கள். 911 வாங்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது நிறமோ விலையோ இல்லை, எந்த வருட மாடல் என்பதுதான்.

புது மாடல் என்றால் தொல்லை இல்லை என்றும் இல்லை. 2014-இல் 911-இன் 991 தலைமுறை ஜிடி3 வண்டிகள் தீப்பிடித்ததும், கனெக்டிங் ராடில் ஒரு போல்ட் தளர்ந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்து 785 வண்டிகளுக்கும் போர்ஷே புது எஞ்சினே போட்டுக் கொடுத்ததும் வாங்குபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அந்த வண்டிகளின் தாள்களில் எஞ்சின் மாற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

மெக்லாரன் எம்பி4-12சி, 2011-இல் வந்தது. புது விலையிலிருந்து விழுந்த வேகத்தைப் பார்த்தால் வாங்கத் தோன்றும். ஓட்டியவர்கள் எல்லோரும் அதன் சஸ்பென்ஷனைப் பற்றியே பேசுவார்கள்: வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் வழக்கமான ஆன்டி ரோல் பாரே (கம்பி) கிடையாது. நான்கு ஷாக் அப்சார்பர்களையும் ஹைட்ராலிக் குழாய்களால் இணைத்து, வாயு நிரப்பிய அக்யுமுலேட்டர்களை வைத்திருக்கிறார்கள். மெத்தென்றும் போகும், சாயவும் சாயாது. அந்த அக்யுமுலேட்டர்கள் காலப்போக்கில் அழுத்தம் இழக்கும். அதாவது அவை டயர் மாதிரி தேயும் பொருள், அப்படி நினைத்து வருடா வருடம் ஒதுக்கி வைத்தால் ஏமாற்றம் இல்லை. வாரன்டி இல்லாமல் இந்த வண்டியை யாருக்கும் நான் சிபாரிசு செய்ததில்லை. விலை வேகமாக விழுந்ததற்குக் காரணம் சந்தைக்கும் இது தெரியும் என்பதுதான்.

இனி, கிலோமீட்டர். "வெறும் சில ஆயிரம்தான் ஓடியிருக்கு" என்று பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள், அதற்கு அதிக விலையும் கேட்கிறார்கள். எங்களிடம் அப்படி ஒரு நடு எஞ்சின் வண்டி வந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. பெயின்ட்டில் ஒரு கீறல் கிடையாது. சீட்டில் மடிப்புகூட விழவில்லை. கண்காட்சியில் வைக்கலாம். வாங்கியவர் ஆசையாக நாலு தடவை நன்றாக மிதித்திருக்கிறார். அத்தனை வருடம் நின்றபடியே காய்ந்திருந்த சீல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கசிய ஆரம்பித்தன. பெட்ரோல் குழாய் வெடிப்பு விட்டிருந்தது, அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் தீதான். பிரேக் ஆயில் ஈரம் குடித்திருந்தது. டயர்களில் நூல்கூடத் தேயவில்லை, ஆனால் கல் மாதிரி இறுகிப்போயிருந்தன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. அதைப் படித்திருந்தாலே அவர் பேரத்தில் நான்கு டயர் விலையைக் குறைத்திருக்கலாம்.

இதற்கு நேர்மாறாக, மூன்று மடங்கு ஓடிய வண்டி, கூடவே கனமான ஒரு ஃபைல். ஒவ்வொரு பில்லிலும் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை. கிளட்ச் ஒருமுறை, பெல்ட் உரிய காலத்தில், தண்ணீர்ப் பம்ப், ரேடியேட்டர். இந்த வண்டியின் பில்தான் எப்போதும் சின்னது. விற்கும்போது இதற்கு விலை குறைவாகச் சொல்வார்கள். எனக்கு இந்தச் சந்தையில் பிடித்த அபத்தம் இதுதான்.

வாங்குவதற்கு முன்பு சோதனைக்குக் கொண்டுவாருங்கள் என்று சொன்னால் பலருக்கு மனசு வராது. கம்ப்ரஷன், லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டர்கள் அழுத்தம் தாங்குகின்றனவா என்ற சோதனைகள்), கம்ப்யூட்டரில் பதிவான பிழைகள், அடியில் மோதல் தடயம், பெயின்ட் தடிமன் எல்லாம் ஒரு நாளில் பார்த்துவிடலாம். நவீன போர்ஷேயில் எஞ்சினை வரம்பு மீறி எத்தனை தடவை சுற்றவிட்டார்கள், அது எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் என்பதுகூடப் பதிவாகியிருக்கும். மேனுவலில் ஐந்தாவதுக்குப் பதிலாக மூன்றாவதில் போட்டவர் அதை விளம்பரத்தில் எழுத மாட்டார், வண்டி சொல்லிவிடும். கார்பன் செராமிக் பிரேக் இருந்தால் டிஸ்க்கின் தடிமனை மட்டும் பார்த்தால் போதாது. குறைந்தபட்ச எடை டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், கழற்றித் தராசில் வைக்க வேண்டும். சாலையில் ஓட்டினால் அவை நெடுநாள் வரும். ஆனால் சக்கரம் மாட்டும்போது அஜாக்கிரதையாக இடித்து ஓரம் உடைந்தால் போச்சு, ஒரு டிஸ்க்கின் விலைக்குச் சாதாரணக் கார் ஒன்றே பேசலாம். ஃபெராரி 458, கலிஃபோர்னியா வண்டிகள், டகாட்டா கம்பெனியின் ஏர்பேக்குகளுக்காகத் திரும்ப அழைத்த ரீகாலிலும் வந்தன. சேஸிஸ் எண்ணை வைத்து அது முடிந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சோதனைக்கு ஆகும் செலவு, நீங்கள் கட்டவிருக்கும் முதல் லேபர் வரியில் ஒரு ஓரம்.

இன்சூரன்ஸில் சொல்ல அதிகமில்லை. வண்டியின் மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதும் பாலிசியாக எடுங்கள், வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்பைப் படியுங்கள்.

சரி, எதை வாங்கலாம்? ஹோண்டா என்எஸ்எக்ஸ் பற்றி என் பில் புத்தகத்தில் எழுத விஷயமே இல்லை. 1990 முதல் 2005 வரை வந்தது. முழு அலுமினிய உடம்பு, டைட்டானியம் கனெக்டிங் ராட், 8,000 சுற்று. பெல்ட்டை எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். ஆரம்பகால ஐந்து கியர் வண்டிகளில் ஒரு பகுதிக்குக் கியர்பாக்ஸுக்குள் ஸ்நாப் ரிங் என்ற பிடிப்பு வளையம் உடையும் குறை உண்டு, பின் டயர்களைச் சீக்கிரம் தின்னும், அவ்வளவுதான். இது எல்லோருக்கும் தெரிந்துபோனதால் விலை எகிறிவிட்டது. ரிப்பேரில் மிச்சமாகும் பணத்தை விற்பவர் முதலிலேயே வாங்கிக்கொள்கிறார். லோட்டஸ் எவோராவில் டொயோட்டாவின் 3.5 லிட்டர் வி6. எஞ்சின் பக்கம் கவலை இல்லை. உடம்பு ஃபைபரில். பார்க்கிங்கில் லேசாக இடித்தால் அதற்குத்தான் வேலை.

லம்போர்கினி கல்லார்டோ 2003 முதல் 2013 வரை 14,022 வண்டிகள் வந்திருக்கின்றன. லம்போர்கினிக்கு அது பெரிய எண்ணிக்கை, பாகங்கள் கிடைப்பதும் அதனால் சுலபம். ஆடியின் கையில் கம்பெனி வந்த பிறகு செய்தது என்பதால் மின்சார வேலைப்பாடும் பரவாயில்லை. ஈ-கியர் கிளட்ச் மட்டும் ஓட்டுபவரின் காலைப் பொறுத்தது.

என் காசு என்றால் முதல் தலைமுறை ஆடி ஆர்8, 4.2 லிட்டர் வி8, மேனுவல் கியர். கியர் மாற்றும்போது உலோகத் தட்டில் டக் டக்கென்று விழும் அந்தச் சத்தம் இத்தாலியக் கார்களில் கேட்டால் இரண்டு மடங்கு விலை. மேக்னெட்டிக் ஷாக் அப்சார்பர்கள் கசியும், நான்கையும் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதால் உள்ளிழுக்கும் வால்வுகளில் கரி படியும், எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். "கரியா, எங்கே?" என்று விற்பவர் திருப்பிக் கேட்டால், அதற்கும் சேர்த்து விலையைக் குறைத்துக் கேட்கலாம். அப்புறம், கார் விலையில் ஐந்தில் ஒரு பங்கை வங்கியில் தொடாமல் விட்டுவிட்டு வாங்குங்கள். அதை என்னிடம் கொண்டுவர எப்படியும் ஒருநாள் வருவீர்கள்.